படத்தில் விழாத மாற்றம்

நகரம் எத்தனை மடங்கு பரவியது என்பதை, இரண்டு காலத்துச் செயற்கைக்கோள் படங்களில் கட்டடப் பரப்பை அளந்து ஒப்பிட்டு உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சரி, ஆனால் நிலத்தின் பயன்பாடு மாறுவது கட்டடம் எழும்பும்போது அல்ல, அதற்குப் பல வருடம் முன்பே.

விலை ஏறப்போகிறது என்று தெரிந்ததுமே நகர விளிம்பில் விதைப்பு நின்றுவிடும். மனை பிரித்து, எல்லைக்கல் நட்டு, நடுவே மண்பாதை போட்டு அப்படியே கிடக்கும். வாய்க்காலைத் தூர்வார ஆள் இருக்காது. தண்ணீர் வராமல் பக்கத்து வயல்காரரும் கொஞ்ச நாளில் விற்றுவிடுவார். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு இதெல்லாம் வெறும் புல்வெளி!

அப்புறம், அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். (1972இல் ஏவிய முதல் லேண்ட்சாட்டில் இன்னும் மோசம், சுமார் 80 மீட்டர்.) அந்த 30 மீட்டர் பிக்சலுக்குள்ளேயே ஒரு வீடு, சிமென்ட் முற்றம், இரண்டு பெரிய மரம் எல்லாம் அடங்கிவிடும். மரத்தின் கை ஓங்கினால் அது பசுமைக் கணக்கு. காய்ந்த வெறும் மண்ணோ, கான்கிரீட் போலவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பல நேரம் கட்டடக் கணக்கில் போய்ச் சேரும். எனவே கோடைப் படத்தை மழைக்காலப் படத்தோடு ஒப்பிட்டு 'இத்தனை மடங்கு வளர்ச்சி' என்றால் நான் நம்ப மாட்டேன். நீங்கள் ஒப்பிட்ட இரண்டும் எந்த மாதத்துப் படங்கள்? பத்திரப்பதிவு விவரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?