மழையே விடவில்லை, அதற்குள் தாத்தா வந்துவிட்டார்

பேட்டரியில் இடுப்பை ஆட்டும் கிறிஸ்துமஸ் தாத்தாவை, தீபாவளிப் பட்டாசுக் குப்பை அள்ளும் முன்பே குன்னூர் மார்க்கெட்டில் பார்த்தாயிற்று. வெளியே அடைமழை. மண் சரிந்து மலை ரயில் ரத்து. 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு இது மேட்டைப் பார்த்துப் பார்த்துத் தூங்குகிற மாதம். அதில் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ ஸ்பீக்கர் வேறு!

பேக்கரிக்காரர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. பிளம் கேக்குக்கு உலர்பழங்கள் ரம்மில் ஊற வேண்டும், ஊற ஊறத்தான் ருசி. பெரிய ஓட்டல்களில் தொப்பி போட்டுக்கொண்டு பழம் கலக்கிப் போட்டோ எடுப்பது கொஞ்சம் ஓவர் என்றாலும், அதுவும் தயாரிப்புதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று வாங்கிய லாட்ஜும் டாக்சியும் வர்க்கிக் கடையும் காசு பார்ப்பது டிசம்பர் கடைசி வாரத்தில். அவர்கள் முன்னாலேயே கூவத்தான் செய்வார்கள்.

ஆனால் எப்போதிலிருந்து இப்படி ஆனது? என் கணக்கில் எல்லாம் வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் ஸ்டார் மாறியதிலிருந்துதான். முன்பு மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, நூலால் கட்டி, மைதாப் பசை காய்ச்சிக் கலர் காகிதம் ஒட்டுவோம். உள்ளே ஒரு குண்டு பல்பு. அதை நவம்பரில் தொங்கவிட்டால் குன்னூர் மூடுபனி சும்மா விடுமா? நாலே ராத்திரியில் காகிதம் நமுத்த அப்பளமாகத் தொங்கும், பசை விட்டு மூங்கில் பல்லிளிக்கும். அதனால் டிசம்பர் பிறக்காமல் யாரும் ஸ்டார் கட்டியதில்லை. இப்போது பிளாஸ்டிக் ஸ்டார், எல்இடி பல்பு. மழையாவது, பனியாவது! (பிளாஸ்டிக் தடை என்று தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்கிறார்கள், லாரி லாரியாக வரும் ஸ்டாரை யாரும் கேட்பதில்லை. அது தனிக் கதை.)

எங்கள் கோவிலில், கிறிஸ்துமஸுக்கு மனசைத் தயார்படுத்தும் திருவருகைக் காலம் தொடங்குவதே நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்றுதான். சாமியார் ஊதா உடையில் வருவார். ஞாயிறு பூசையில் வானவர் கீதம் என்கிற புகழ்ப்பாட்டு கிடையாது. அந்த நாலு வாரமும் வாயைக் கட்டிவைத்ததால்தான் 24 இரவுப் பூசையில் அந்தப் பாட்டு எடுத்ததும், மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்க, உடம்பு சிலிர்க்கும். பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்த சந்தோஷமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒன்றரை மாதமாகக் கடைத்தெருவில் கேரல் பாட்டு கேட்டுச் சலித்த பிள்ளைக்கு அன்றிரவு புதிதாக என்ன கேட்கப் போகிறது?

‘பிலிப்பைன்ஸில் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறார்களே’ என்று துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகன் சொல்வான். உண்மைதான். ஆனால் அதே ஊர்க்காரர்கள்தான் டிசம்பர் 16-லிருந்து 24 வரை, ஒன்பது நாளும் விடியுமுன் எழுந்து பூசைக்குப் போகிறார்கள். பெருநாள் முடிந்ததும் ஜனவரியிலும் கொண்டாட்டத்தை விடுவதில்லை. நம் கடைத்தெரு அவர்களிடமிருந்து செப்டம்பரை மட்டும் கற்றுக்கொள்ளும் போலிருக்கிறது.

பெருநாளுக்கு அந்தப் பக்கம் நடப்பதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல். 26-ம் தேதி காலையில் தாத்தா அட்டைப் பெட்டிக்குள் போய்விடுகிறார். அடுத்து நியூ இயர் பேனர், அப்புறம் பொங்கல் ஆஃபர். கோவில் கணக்கில் கிறிஸ்து பிறப்புக் காலம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6. அதுவரை எங்கள் வீட்டில் குடிலும் இருக்கும், ஸ்டாரும் எரியும். ‘இன்னுமா கழற்றலை?’ என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். போன ஜனவரி 2-ம் தேதி ஸ்டார் பல்பு பியூஸ் போய், அக்டோபரிலேயே சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்த ஒரு கடையில் போய்க் கேட்டேன்.

“சீசன் முடிஞ்சு போச்சுண்ணா” என்றார் கடைக்காரத் தம்பி.