"எல்லாப் பாம்புக்கும் ஏற்றது" என்று அச்சடிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ!

பாம்பு வளர்க்கிற தொட்டியின் தரையில் பரப்புகிற 'பெட்டிங்', அதாவது படுக்கைப் பொருள், அந்தப் பையைத் திருப்பிப் பாருங்கள். 'எல்லாப் பாம்புக்கும் ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எந்த எல்லாப் பாம்பு? கார்ன் பாம்புக்கு 40 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் போதும். பால் பைத்தானுக்கு (ball python, பந்தாகச் சுருளும் மலைப்பாம்பு) 60 சதவீதமாவது வேண்டும், சட்டை உரிக்கும் சமயத்தில் இன்னும் கூட. கென்யன் சேண்ட் போவா வறண்ட மண்ணில் புதைந்து கிடக்கிற ஜீவன். பச்சை மரப் பைத்தானோ மழைக்காட்டில் கிளையில் சுருண்டிருப்பது. இத்தனைக்கும் ஒரே பையா? எரிகிறது எனக்கு.

ஆஸ்பென் மரச்சுருளையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்ன் பாம்புக்கு அது அருமையான பொருள், நான் குறை சொல்லவே மாட்டேன். உள்ளே வளை போட்டால் இடியாமல் நிற்கும். ஆனால் அதே சுருளை பால் பைத்தான் வாங்குபவர் கையிலும் கடைக்காரர்கள் திணித்து அனுப்புகிறார்கள். ஈரப்பதம் ஏறவில்லை என்று போய்க் கேட்டால், "தண்ணீர் தெளியுங்கள்" என்கிறார்கள். ஆஸ்பென்னில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? மேலே பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். விரலை விட்டு அடியில் கிளறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவே வெள்ளையாகப் பூஞ்சை இழையோடியிருக்கும். முடை நாற்றம் குப்பென்று வரும். அந்தக் காற்றைத்தான் பாம்பு தரையோடு தரையாகக் கிடந்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த "தெளியுங்கள்" என்கிற ஒற்றை மந்திரத்தை முதலில் ஒழிக்க வேண்டும். வலைமூடி போட்ட தொட்டி, மேலே சூட்டு விளக்கு. தெளித்தவுடன் ஈரப்பதம் விர்ரென்று ஏறும், கொஞ்ச நேரத்தில் வலை வழியாக அத்தனையும் போய்விடும். மறுபடி தெளி, மறுபடி தெளி! காற்று காய்ந்தபடியே இருக்க, மேல்பரப்பு மட்டும் எந்நேரமும் நசநசவென்று கிடக்கும். அதில் வயிற்றை வைத்துக் கிடக்கிற பாம்புக்குச் செதில் சிவந்து, கொப்புளம் கிளம்பி, அழுக ஆரம்பிக்கும்.

சரியான வழி ஒன்றும் கஷ்டமானதில்லை. தேங்காய் மட்டைத் துண்டு, தென்னை நார்த்தூள், சைப்ரஸ் மரப்பட்டை இவையெல்லாம் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்து மெதுவாக விடுபவை. எட்டு, பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, நான்கு மூலையிலும் தண்ணீரை ஊற்ற வேண்டும். அடி ஈரமாக இருக்கும், பாம்பு படுக்கிற மேல்பக்கம் காய்ந்திருக்கும். வலைமூடியில் பெரும்பகுதியை மறைத்து, காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் விட்டால் ஈரம் தங்கும். இதை விற்கும்போது சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லாமல் மெல்லிசாகத் தூவ ஒரு சின்னப் பையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

கூடவே தலையில் கட்டுகிறார்களே, சுவரில் ஒட்டுகிற அந்த முள்வைத்த ஈரமானி! அதை நம்பவே முடியாது. உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூடிய டப்பாவில் ஈரமானியோடு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். 75 காட்ட வேண்டும். எத்தனை காட்டுகிறது என்று பார்த்தால் உங்களுக்கே புரியும்.

சீடர் மரத்தூளைப் பற்றிச் சொல்லவே வாய் கூசுகிறது. அந்த வாசனைக்குக் காரணமான எண்ணெய்தான் பாம்பின் நுரையீரலைக் கெடுப்பது. அதையும் பெட்டிங் என்று பையில் அடைத்து விற்கிறார்கள்!

அனுபவிப்பது வாயில்லா ஜீவன். ஈரம் போதாத தொட்டியில் சட்டை ஒரே உறையாகக் கழன்று வராமல் துண்டு துண்டாகப் பிய்யும். வால் நுனியில் வளையமாகத் தங்கியது காய்ந்து இறுகினால், ரத்த ஓட்டம் நின்று நுனியே செத்துப்போகும். கண்ணை மூடியிருக்கிற தோல் உரியாமல் ஒட்டிக்கொண்டால் அதை இடுக்கியால் பிடுங்கச் சொல்கிற மேதாவிகளும் இருக்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்! கீழே இருக்கிற கண்ணே போய்விடும். ஈரமான ஸ்பாக்னம் பாசி வைத்த பதுங்குபெட்டி கொடுங்கள், அடுத்த உரிப்பிலும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பை தயாரிப்பவர்களே, நான் கேட்பது இரண்டே வரி. இது ஈரம் தாங்குமா, தாங்காதா? எந்தப் பாம்புக்குப் போடக் கூடாது? அந்தக் கொட்டை எழுத்துப் பொய்யை எடுத்துவிட்டு அங்கே இதைப் போடுங்கள்.