"சேவைதானே பிள்ளை" எண்டு சொல்லி என்ர வாயை அடைக்காதேங்கோ

இரவு எட்டு மணி தாண்டி பரந்தன் சந்தியில நிண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் போற பஸ் இனி வருமோ வராதோ எண்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க முடிவெடுத்தன், இதை எழுதிப்போட்டுத்தான் இண்டைக்குப் படுக்கிறது எண்டு. கால் ரெண்டும் வீங்கிப்போய்க் கிடக்கு, வீட்டில சின்னவன் சாப்பிடாம நித்திரையாம், அம்மா போன்ல ஏசிறா. ஏசட்டும், அவ ஏசிறதில பிழையே இல்ல.

நான் வேலை செய்யிறது கிளிநொச்சிப் பக்கம் ஏ9 றோட்டில இருந்து உள்ளுக்கு இருக்கிற ஒரு சின்னத் தையல் இடம். பள்ளிக்கூடப் பேக் தைக்கிறம், சீசன் வந்தா யூனிபோமும் தைக்கிறம். நான் சுப்பவைசரா நிண்டு பாக்கிற லைன்ல, அதாவது மெசின் வரிசையில, 14 பேர், அதில 11 பேர் மாற்றுத்திறனாளிகள். கால் இல்லாதவை, ஒரு கை ஏலாதவை, வீல்செயார்ல இருக்கிற ரெண்டு அண்ணைமார், காது கேக்காத ரெண்டு பிள்ளையள். யாருக்கு எப்பிடி நடந்தது எண்டு நாங்கள் ஒருத்தரையும் கேக்கிறேல்ல, வன்னியில இருக்கிற எல்லாருக்கும் அது விளங்கும், அவையளாக் கதைச்சாக் கேப்பம், அவ்வளவுதான். இதுக்கு முதல் நான் ஒரு பெரிய காமென்ற் பக்டரியில லைன் சுப்பவைசரா இருந்தனான். அங்க மெசின் பாக்க ஒரு ஆள், நேரம் பிடிச்சு டார்கெட் கணக்குப் போட ஒரு ஆள், தலையிடி எண்டாப் பாக்க ஒரு நேர்ஸ், சண்டை சச்சரவு எண்டாக் கதைக்க ஒரு ஒபீஸ் இருந்தது. இங்க அந்த எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான்.

டார்கெட் நாளைக்கு 140 பேக். எப்பிடி வந்தது எண்டு கேட்டா, 14 தலை, ஆளுக்குப் பத்து, முடிஞ்சுது கணக்கு. மெசினுக்குப் பக்கத்தில வந்து அஞ்சு நிமிசம் நிண்டு பாத்த ஆள் போட்ட கணக்கில்ல அது. ஜூக்கி மெசின்ல தைச்ச ஆக்களுக்குத் தெரியும், வலது முழங்காலால தள்ளிற தட்டு ஒண்டு மேசைக்குக் கீழ இருக்கும், அதைத் தள்ளினாத்தான் துணியை அமத்திற கால் மேல எழும்பும், ரெண்டு கையும் துணியிலயே இருக்கும், வேலை வேகமா ஓடும். வலது கால் தொடையோட போன ஒருத்தர் அதை எதால தள்ளுறது? அவர் ஒவ்வொரு முறையும் ஒரு கையைத் துணியில இருந்து எடுத்து, மெசினுக்குப் பின்னால இருக்கிற பிடியைத் தூக்கி, துணியைத் திருப்பி, திரும்ப இறக்கோணும். ஒரு பேக்குக்கு எத்தினை தரம் துணி திருப்பிறது எண்டு எண்ணிப் பாருங்கோ, பிறகு அதைப் பத்தால பெருக்கிப் பாருங்கோ. அவருக்கு அந்தத் தட்டை இடது பக்கம் மாத்திப் பூட்டித் தாங்கோ எண்டு நான் கேட்டு எட்டு மாசம். மெக்கானிக் ஒருத்தர் ஒரு நாள் வந்து செய்யக்கூடிய வேலை. ஒவ்வொரு மீற்றிங்லயும் எழுதிக் குடுக்கிறன், ஒவ்வொரு முறையும் "அடுத்த ஓடர் முடியட்டும்".

சித்திரை, ஆடி, ஆவணி வெக்கையில தகரக் கூரைக்குக் கீழ பொய்க்காலுக்குள்ள என்ன நடக்குது எண்டு ஒபீஸ்ல இருக்கிறவைக்குத் தெரியுமா? வேர்வையில தோல் ஊறி, உரசி, புண் வந்திடும். புண் வந்தா ஆற விடோணும், ஆறுற வரைக்கும் காலைப் போடேலாது. அவர் காலைக் கழட்டிச் சுவரோட சாத்திப்போட்டு ஒற்றைக் காலால பெடலை மிதிச்சுக்கொண்டு இருப்பார், நான் பாத்துப் பாக்காத மாதிரி போய் துணிக்கட்டை அவருக்குக் கிட்ட வைப்பன். வீல்செயார்ல இருக்கிறவை ஒரே இருப்பா இருந்தா படுக்கைப் புண் வரும், அதால அடிக்கடி கையை ஊண்டி உடம்பைத் தூக்கி அழுத்தத்தைக் குறைக்கோணும், இருக்கிற இடத்தில உணர்ச்சி இல்லாததால புண் வந்ததே அவைக்குத் தெரியாது. ஓடர் நெருக்கேக்க அவை அதைச் செய்யாம விட்டிடுவினம், என்னைப் பாவம் பாத்து. நான் போய் "அண்ணை, தூக்குங்கோ" எண்டு ஞாபகப்படுத்தோணும்.

போன மாசம் அவையில ஒருத்தருக்குத் திடீரெண்டு முகம் சிவந்து, வேர்த்து ஊத்தி, தலை வெடிக்கப்போற மாதிரி இடிக்குது எண்டு கத்தினார். எல்லாரும் வெயில் எண்டு சொல்லி அவரைப் படுக்க வைக்க ஓடி வருகினம். நான் விடேல்ல. முள்ளந்தண்டு நெஞ்சு மட்டத்திலயோ அதுக்கு மேலயோ அடிபட்டவைக்கு யூரின் குழாய் மடங்கி சலம் போகாம நிண்டாலே பிரசர் கட்டுக்கடங்காம ஏறும், படுக்க வைக்கக்கூடாது, நிமித்தி இருத்தி முதல்ல குழாயைப் பாக்கோணும். பாத்தன், செயார் சில்லுக்குப் பக்கத்தில குழாய் நசிஞ்சு போய்க் கிடந்தது. அதை எடுத்துவிட்ட கொஞ்ச நேரத்தில ஆள் தெளிஞ்சார், பிறகு ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் காட்டினம். இதை எனக்கு யார் சொல்லித் தந்தது? ஒரு ரெயினிங்கும் இல்ல. மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க ஒரு நேர்ஸ் அக்காவை மறிச்சு வைச்சுக் கேட்டுப் படிச்சது. அண்டைக்கு நான் லீவில நிண்டிருந்தா?

இந்த இடத்தில ஆக்களை வேலைக்கு எடுக்க முதல் சுப்பவைசருக்கு ஒரு நாளாவது இதுகளைச் சொல்லிக் குடுக்கோணும் எண்டு ஒருத்தருக்கும் தோணேல்லையே எண்டதுதான் என்ர நெஞ்சு எரியிறதுக்குக் காரணம்.

காது கேக்காத பிள்ளையள் ரெண்டு பேரும் லைன்லயே வலு கெட்டிக்காரியள். ஊசி இடிக்கத் தொடங்கினா எங்களுக்குச் சத்தத்தில தெரியும், அவளவை மேசையில வைச்ச கையால அறிவாளவை. ஆனா நெருப்புப் பிடிச்சா அடிக்கிற மணி அவைக்கு எப்பிடிக் கேக்கும்? மணியோட சேர்த்து மின்னிற ஒரு சிவப்பு லைற் பூட்டச் சொல்லிக் கேட்டன். அதுவும் இல்ல. சைகை மொழியும் நானாத்தான் போன்ல பாத்துப் பழகினன், அதில ஒருத்தி பள்ளிக்கூடத்தில படிச்ச சைகை வேற, மற்றவள் வீட்டில பழகின சைகை வேற, மூண்டு பேரும் சேர்ந்து எங்களுக்கெண்டு ஒண்டை உண்டாக்கி வைச்சிருக்கிறம்.

சரி, இவ்வளவும் செய்யிறதுக்கு சம்பளம்? அடிப்படைச் சம்பளம் எண்டு சின்னத் தொகை ஒண்டு, மிச்சம் எல்லாம் "ஊக்குவிப்பு". ஈ.பி.எப். எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நான் 8 வீதம், ஈ.டி.எப். எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம், எல்லாம் அந்தச் சின்னத் தொகைக்குத்தான் கட்டுப்படுது. லைன்ல இருக்கிறவைக்கு வழமையான நேரம் தாண்டினா ஒண்டரை மடங்கு ஓ.டி. இருக்கு, அது அவையின்ர உரிமை, கிடைக்கிறது எனக்குச் சந்தோசம். எனக்கு ஓ.டி. இல்ல, நீங்கள் ஸ்ராப் எண்டு பதில். சாப்பாட்டு நேரமும் இல்ல, அந்த நேரத்திலதான் வீல்செயார்காரரை ரொய்லெற்றுக்குக் கூட்டிக்கொண்டு போக உதவிக்கு ஆள் பிடிக்கோணும், ரொய்லெற் வாசல்ல ரெண்டு படி. சாய்தளம் போடுங்கோ எண்டு கேட்டா அதுக்கும் ஓடர் முடியோணும். பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் போய் வரக்கூடியதா இருக்கோணும் எண்டு 2006லயே ஒழுங்குவிதி வந்திட்டுது. மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைகளைப் பாதுகாக்கிற 28ஆம் இலக்கச் சட்டம் அதுக்கும் முதல், 1996லயே வந்தது. மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016ல ஏற்றுக்கொண்டது, அதில 27ஆவது உறுப்புரை முழுக்க வேலையைப் பற்றித்தான், வேலையிடத்தில நியாயமான வசதி செய்து குடுக்கோணும் எண்டு எழுதியிருக்கு. எல்லாம் எழுத்தில இருக்கு. எங்கட வாசல்ல ரெண்டு படியும் இருக்கு.

இதைக் கதைக்கப் போனா ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "இது சேவைதானே பிள்ளை, புண்ணியம் கிடைக்கும்." இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வருது. ஓடருக்குக் காசு வாங்கேக்க அது வியாபாரம். பேக்கில தையல் கோணினா வெட்டிற காசும் வியாபாரம். நான் சம்பளம் கேக்கேக்க மட்டும் சேவையா? அங்க இருக்கிற 11 பேரும் என்னட்டப் புண்ணியம் வாங்க வரேல்ல, வேலை செய்து சம்பளம் எடுக்க வந்தவை, அவையள் தைச்ச பேக்கைத் தோளில போட்டுக்கொண்டுதான் விசுவமடுவிலயும் தர்மபுரத்திலயும் பிள்ளையள் பள்ளிக்கூடம் போகினம். சேவை எண்டு சொல்லேக்க அவையின்ர உழைப்பும் பிச்சையாகிப் போகுது, அது எனக்கு என்ர ஓ.டி.யை விடக் கூடக் கோபம்.

ஊர்ல சில பேர் இதைக் கேட்டிட்டு "ஓம், அவையளை வைச்சு வேலை வாங்கிறது கஷ்டம்தானே" எண்டு எனக்கு ஆறுதல் சொல்ல வருகினம். தயவுசெய்து அப்பிடிச் சொல்லாதேங்கோ. அவையள் எனக்கு ஒரு நாளும் கஷ்டம் தரேல்ல. தட்டு மாத்தாத மெசின், படி வைச்ச ரொய்லெற், தலை எண்ணிப் போட்ட டார்கெட், இதுகள்தான் என்னை இரவு வரைக்கும் வைச்சிருக்குது.

இன்னொண்டும் சொல்லோணும், இதைச் சொல்ல எனக்கு நெஞ்சு அடைக்குது. அஞ்சு மணிக்கு எல்லாரும் போகேக்க 115, 120 பேக்தான் முடிஞ்சிருக்கும். மிச்சம் 20, 25 பேக்குக்குப் பட்டியும் சிப்பும் நிக்கும். அதை நான் இருந்து தைப்பன். தைச்சுப்போட்டு, எண்ணிக்கையை அவையின்ர பெயர்களுக்குப் பிரிச்சு எழுதிவிடுவன், ஏனெண்டா டார்கெட் குறைஞ்சா அவையின்ர ஊக்குவிப்புக் காசை வெட்டுவினம். ரெண்டு வருசமா அப்பிடித்தான். நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சன். போன வெள்ளி மீற்றிங்ல அந்தத் தாள்களை எடுத்து மேசையில போட்டு, "இந்த லைன் 140ஐ லேசாப் பிடிக்குது, வாற மாசம் 155 ஆக்குவம்" எண்டாங்கள். எனக்குக் கை நடுங்கிப்போச்சு. தட்டு மாத்தாததுக்கும் ஆள் தராததுக்கும் நான் எழுதின தாளே சாட்சியாப் போச்சு.

காலமை அவை எல்லாரையும் கூப்பிட்டு இருத்திச் சொன்னன், இனி நான் அப்பிடி எழுதமாட்டன், இந்த மாசம் ஊக்குவிப்புக் குறையலாம், குறைஞ்சா தொழில் திணைக்களத்துக்கு நானும் கூட வாறன் எண்டு. கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல. பிறகு அந்தக் கால் இல்லாத அண்ணைதான் சொன்னார், "எழுது பிள்ளை, நாங்கள் தைச்சதை மட்டும் எங்கட பெயருக்கு எழுது."

இண்டைக்கு எழுதிட்டன். லைன் தைச்சது 118 பேக். அதுக்குக் கீழ என்ர பெயர், 22 பேக், பட்டியும் சிப்பும், அஞ்சில இருந்து ஏழு முப்பத்தஞ்சு வரைக்கும். கையெழுத்து வைச்சு, போன்ல ஒரு படமும் எடுத்து வைச்சிருக்கிறன்.