தூக்கத்துக்கான மனுவில் விட்டுப்போன ஒரு வரி

லெவல் கிராசிங்கில் ரயில் விசிலை நிறுத்தச் சொல்லி எங்கள் நகராட்சிக்குப் போன மனுவில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதி படித்ததும் "தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து பார், அப்போது தெரியும்" என்று யாராவது கிளம்பி வருவார்கள். குடியிருந்து பார்த்தவன்தான், இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். படுக்கையறை ஜன்னலுக்கும் கிராசிங்குக்கும் முந்நூறு மீட்டர் இருந்தால் அதிகம். நள்ளிரவுக்குப் பிறகு மூன்று சரக்கு ரயில்கள். ஒவ்வொன்றும் இரண்டு நெடில், ஒரு குறில், மறுபடி ஒரு நெடில் என்று ஊதிவிட்டுப் போகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் கிராசிங்குக்கான விசில் முறை அதுதான். தூக்கம் கலைந்து கிடந்த ஓர் இரவில் அதை அலகிட்டுப் பார்த்தேன். நேர், நேர், நிரை. தேமாங்கனி! இலக்கணம் படித்ததற்கு வேறு பயன் கிடைக்கவில்லை.

அப்படியிருந்தும் அந்த மனு இப்போதுள்ள வடிவத்தில் நிறைவேறக் கூடாது என்று சொல்ல வந்திருக்கிறேன். கையெழுத்திட்ட பிறகு புத்தி வந்தது என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பற்றிய கணக்கை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் விசிலை ஆதரிப்பவர்கள் அதை ஏதோ குயில் பாட்டு போலப் பேசுகிறார்கள். அமெரிக்க விதிப்படி என்ஜினுக்கு முன்னால் 100 அடி தூரத்தில் அளந்தால் ஹாரன் ஒலி குறைந்தது 96 டெசிபல் இருக்க வேண்டும், 110ஐத் தாண்டக் கூடாது. தடையில்லாத வெளியில் தூரம் பத்து மடங்கானால் ஒலி 20 டெசிபல் குறையும். அதாவது முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் என் ஜன்னலுக்கு, மிகக் குறைந்த கணக்கிலேயே 76 டெசிபல் வந்து சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், ரயில் இரைச்சல் இரவில் 44 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அது இரவு முழுவதற்குமான சராசரி. ஒற்றை ஊதலை அதோடு நேராக ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் தூங்குகிறவன் சராசரியைக் கேட்டு விழிப்பதில்லை, ஊதலைக் கேட்டுத்தான் விழிக்கிறான்.

இன்னொன்று. கிராசிங்கை அடைவதற்கு 15 முதல் 20 விநாடிக்கு முன்பே ஊதத் தொடங்க வேண்டும் என்பதும் அமெரிக்க விதி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் அந்த நேரத்தில் 330 முதல் 440 மீட்டர் வரை கடந்துவிடும். ஊருக்குள் நானூறு மீட்டருக்கு ஒரு கிராசிங் வீதம் நான்கு இருந்தால் என்ன ஆகும்? ஒன்றுக்கான ஊதல் முடிவதற்குள் அடுத்ததற்கான ஊதல் தொடங்கிவிடும். ரயில் ஊரைக் கடக்கும்வரை விசில் ஓயாது. "ஏதோ ஒரு விநாடி ஊதுகிறான், அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சத்தம் யாருக்காக? மூடிய கண்ணாடிக்குள் பாட்டுக் கேட்டபடி வரும் ஓட்டுநருக்காக. அவர் காதுவரை போக வேண்டும் என்பதற்காகத்தான் ஹாரன் அவ்வளவு உரக்க அலற வேண்டியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் ஊரிலேயே அதைக் குறைவாகக் கேட்பவர் அவர்தான். அரைக் கிலோமீட்டருக்குள் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அது முழுதாகக் கேட்கிறது.

இதையெல்லாம் நினைத்துத்தான் கையெழுத்திட்டேன். பிறகு ஒரு மாலை, கேட் மூடியிருந்தபோது நடந்து போனவனாக அங்கே நின்றேன். சரக்கு ரயில் ஒன்று போய் முடிந்தது. தடுப்புக் கம்பம் மேலே எழவில்லை, மணியும் நிற்கவில்லை. கேட் பழுதாகிவிட்டது என்றே நானும் நினைத்தேன். சைக்கிளில் வந்த ஒரு பையன் கம்பத்துக்கு அடியில் குனிந்து உள்ளே போனான். அந்த நேரத்தில்தான் இரண்டாவது தண்டவாளத்தில் எதிர்த்திசையிலிருந்து விசில் கேட்டது. பையன் பின்வாங்கினான். போய்க்கொண்டிருந்த முதல் ரயிலின் கடைசிப் பெட்டிகள் மறைத்ததால் வருகிற ரயில் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. விளக்கு எரிந்தது, மணி அடித்தது, கம்பம் கீழே இருந்தது. எல்லாம் ஏற்கெனவே போய்விட்ட ரயிலுக்காக என்று இருவருமே எடுத்துக்கொண்டோம். இன்னொரு ரயில் வருகிறது என்று சொன்னது அந்த விசில் மட்டும்தான்.

ஒரு நிகழ்ச்சியை வைத்துக் கொள்கை வகுக்கக் கூடாது என்பீர்கள். சரி, 511 கிராசிங்குகளை வைத்து வகுக்கலாமா?

1984இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விசில் ஊதுவதற்கு உள்ளாட்சிகள் தடை விதிக்கலாம் என்றது. கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியமும் அல்ல. மின்னும் விளக்கு, மணி, தானியங்கி கேட், "இரவில் இங்கே விசில் ஊதப்படாது" என்ற எச்சரிக்கைப் பலகை ஆகியவை உள்ள இடங்களில்தான் அனுமதி. ஃப்ளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் 511 கிராசிங்குகள் இப்படி இரவில் வாய் மூடின. மத்திய ரயில் நிர்வாகம் பின்னர் கணக்கெடுத்தபோது, அங்கே இரவு நேர விபத்து விகிதம் 195 சதவீதம் உயர்ந்திருந்தது. ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே கிராசிங்குகளில், விசில் ஒலித்துக்கொண்டிருந்த பகலில், சொல்லத்தக்க மாற்றம் இல்லை. 1991 ஜூலையில் அவசர உத்தரவு போட்டு விசிலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரவு விபத்து விகிதம் 68.6 சதவீதம் சரிந்தது.

கேட் இருந்தும் ஏன் இப்படி? வழக்கமான ரயில்வே கேட்டைக் கவனித்துப் பாருங்கள். கம்பம் நம் பக்கத்துப் பாதையை மட்டுமே மறைக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர்கள் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் வெளியேறுவதற்காக மறுபாதி திறந்தே கிடக்கும். அவசரக்காரருக்கு அந்தப் பாதிதான் வாசல். பாம்பு போல வளைந்து, முதல் கம்பத்தைச் சுற்றி, தண்டவாளத்தைத் தாண்டி, அடுத்த கம்பத்தைச் சுற்றி வெளியே வந்துவிடலாம். இரவில் சாலை காலி, ரயில் எங்கோ தூரத்தில் விளக்காகத் தெரிகிறது. பெரிய உருவங்கள் உள்ளதைவிட மெதுவாக வருவது போலக் கண்ணுக்குத் தோன்றும். ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற உளவியலாளர் 1985இல் லெவல் கிராசிங் விபத்துகளுக்கு இதையே ஒரு காரணமாக எடுத்துச் சொன்னார். கண் "நேரமிருக்கிறது" என்று பொய் சொல்லும்போது காது அதை மறுக்க வேண்டும். மறுக்கும் குரலை நாம் எடுத்துவிட்டால், கண் சொல்வதே தீர்ப்பு.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் அமெரிக்காவில் 2005இல் விசில் விதிமுறை நடைமுறைக்கு வந்தது. எல்லாப் பொதுக் கிராசிங்குகளிலும் ஊத வேண்டும். அமைதி வேண்டும் என்றால் உள்ளாட்சி அதற்குரிய ஏற்பாடுகளைச் செய்து, குறைந்தது அரை மைல் நீளத்துக்கு அமைதிப் பகுதி அமைத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் வேண்டாம் என்றால் இரவு 10 முதல் காலை 7 வரை மட்டும்கூட. சாதாரண கேட் உள்ள இடத்திலும் விசிலை எடுத்தால் ஆபத்து 66.8 சதவீதம் கூடும் என்று அந்த விதிமுறையே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அந்தக் கூடுதல் ஆபத்தை வேறு ஏதாவது ஒன்றால் நிரப்ப வேண்டும். சாலையின் நான்கு மூலைகளையும் மூடும் கேட், அல்லது வண்டிகள் வளைந்து போக முடியாதபடி கம்பத்திலிருந்து 100 அடிக்குச் சாலை நடுவே தடுப்பு, அல்லது சாலையை ஒருவழியாக மாற்றுவது, அல்லது அந்தக் கிராசிங்கையே நிரந்தரமாக மூடிவிடுவது. ரயிலில் இருக்கும் ஹாரனுக்குப் பதிலாக, கிராசிங்கிலேயே கம்பம் நட்டு, சாலையை நோக்கி மட்டும் ஒலிக்கும் ஹாரனைப் பொருத்தவும் வழி இருக்கிறது. ஊர் முழுக்க இறையாமல் வேண்டிய இடத்தில் மட்டும் ஊற்றுவது போல. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அதுதான். கிராசிங்குக்கு ஒட்டினாற்போல் குடியிருப்பவர்களுக்குப் பிடிக்காது என்பதும் தெரியும்.

அதே விதிமுறையில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு சந்தும் இருக்கிறது. பகுதி முழுவதற்குமான சராசரி ஆபத்துக் குறியீடு நாட்டளவில் வகுத்த வரம்புக்குள் இருந்தால், இந்தக் கூடுதல் ஏற்பாடு எதுவும் இல்லாமலேயே அமைதிப் பகுதி கிடைத்துவிடும். சராசரியில் நல்ல கிராசிங் மோசமான கிராசிங்கைத் தூக்கிக் காட்டும். ரயில் சராசரியில் மோதுவதில்லை, மோசமான கிராசிங்கில்தான் மோதும்.

கனடாவில் நகராட்சி தீர்மானம் போட வேண்டும். ஆனால் தீர்மானம் மட்டும் போதாது. 2014இல் நடப்புக்கு வந்த கிராசிங் விதிமுறைகளில் சொன்னபடி கிராசிங் இருக்க வேண்டும், பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும், ரயில் நிறுவனத்தோடு பேச வேண்டும். பிரிட்டனில் வேறு பாதை: 2007இல் இரவு 11 முதல் காலை 7 வரை தண்டவாளத்தோரம் ஓட்டுநரை ஊதச் சொல்லும் விசில் பலகைகளைப் பார்த்து வழக்கமாக ஊத வேண்டாம் என்று நிறுத்தினார்கள். 2016இல் அந்த அமைதி நேரத்தை நள்ளிரவு முதல் காலை 6 வரை என்று சுருக்கிக்கொண்டார்கள். கொடுத்த அமைதியில் இரண்டு மணி நேரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது கவனிக்கத் தக்கது.

எங்கள் மனுவில் இவை எதுவும் இல்லை. "விசிலை உடனே நிறுத்துக" என்ற ஒற்றை வரி, அதன் கீழே கையெழுத்துகள். நகராட்சி உறுப்பினர்களுக்கு இதைவிட இனிப்பான மனு கிடைக்காது. செலவில்லாமல் ஒரு தீர்மானம், மறுநாளே ஊருக்கு நல்ல பெயர். நடுத்தடுப்பு கட்டுவதென்றால் பணம் வேண்டும், பக்கத்துச் சந்தின் திருப்பம் அடைபடும், இன்னொரு மனு வரும். கிராசிங்கை மூடுவதென்றால் கேட்கவே வேண்டாம். விசில் என்பது நகராட்சி கட்டாமல் விட்ட சுவருக்குப் பதிலாக ரயில் போடும் சத்தம். இத்தனை நாள் அந்தச் சுவரின் விலையைத் தூக்கத்தால் கட்டி வந்தோம். சுவரும் கட்டாமல் சத்தத்தையும் நிறுத்தினால் அதே விலையை அந்தச் சைக்கிள் பையன் கட்டுவான்.

எதிர்த்தரப்பில் இருப்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "ரயில் பாதை முதலில் வந்தது, நீங்கள் பிறகு வந்தீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பது அவர்களுடைய பிரம்மாஸ்திரம். தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுக்கு யாரும் காட்சி பார்க்கக் குடிபோவதில்லை. வாடகை குறைவு என்பதால் போகிறார்கள். பாதை பழையதாக இருக்கலாம், இரவு ரயில்களின் எண்ணிக்கையும் பழையதா? "ஒரே ஓர் உயிர் என்றாலும்" என்று தொடங்குபவர்களுக்கும் ஒரு கேள்வி: அப்படியானால் எல்லாக் கிராசிங்குகளிலும் நான்கு மூலைக் கேட் கேட்டு நீங்கள் ஏன் ஒரு மனுவும் போடவில்லை? அடுத்தவர் தூக்கத்தில் உயிர் காப்பது சுலபம். காது கேளாதவருக்கு விசில் எந்தப் பயனும் தராது, நல்ல கேட் தரும். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

இந்த வாதங்களில் யாரும் சேர்க்காத ஒருவர் இருக்கிறார்: என்ஜின் ஓட்டுநர். அவரால் திருப்ப முடியாது. பாரம் ஏற்றிய சரக்கு ரயிலுக்கு அவசர பிரேக் போட்டாலும் நிற்பதற்கு ஒரு மைலோ அதற்கு மேலோ ஆகலாம். எதிரே ஒரு வண்டியைப் பார்த்த பிறகு அவர் கையில் மிச்சமிருப்பது ஹாரன் மட்டும்தான். அமைதிப் பகுதியிலும் அவசரத்தில் ஊத அவருக்கு உரிமை உண்டு. ஆனால் எது அவசரம் என்பதை இருட்டில், ஓரிரு விநாடியில் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சும்மா ஊதினால் நாம் புகார் எழுதுவோம், ஊதாமல் விட்டால் வாழ்நாள் முழுக்க அவருக்குத் தூக்கம் போகும். நகராட்சி அரங்கில் நடக்கும் விவாதத்துக்கு ஓர் ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

1833இல் இங்கிலாந்தின் லெஸ்டர்–ஸ்வானிங்டன் பாதையில், சாம்சன் என்ற என்ஜின் வெண்ணெயும் முட்டையும் ஏற்றிப்போன வண்டி ஒன்றில் லெவல் கிராசிங்கில் மோதியதாகவும், வாயால் ஊதும் கொம்பு போதாது என்று நீராவி விசிலைப் பொருத்தியது அதற்குப் பிறகுதான் என்றும் ஒரு கதை சொல்வார்கள். அதைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. மெய்யோ பொய்யோ, அன்று சாலையில் கேட்டைச் சரிசெய்வதைவிட என்ஜினில் குழலைப் பொருத்துவது மலிவு என்று யாருக்கோ தோன்றியிருக்கும்.

மனுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. விசில் நிற்கத்தான் வேண்டும், எனக்கும் தூக்கம் வேண்டும். அமைப்பாளர்களிடம் நேற்று ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறேன். "விசிலை உடனே நிறுத்துக" என்பதற்குப் பதிலாக, "இரு பக்கமும் நடுத்தடுப்பும், நடந்து செல்பவர்களுக்குத் தனிக் கேட்டும், இரண்டாவது ரயில் வருவதைக் காட்டும் பலகையும் அமைத்த மறுநாள் இரவு 10 முதல் காலை 7 வரை விசிலை நிறுத்துக, அதற்கான பணத்தை வரும் நிதியாண்டிலேயே ஒதுக்குக." மனு நீளமாகிவிட்டது, இதற்கு யார் கையெழுத்திடுவார்கள் என்று கேட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். பேனா இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.