பத்தாவது ஆள்

வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வாட்ஸ்அப் செய்தி வந்துவிடுகிறது. "யூதர்கள் ஒருவரை ஒருவர் கைதூக்கி விடுவார்கள், அதனால்தான் உலகமே அவர்கள் கையில்" என்று ஆரம்பித்து, நோபல் பரிசுக் கணக்கெல்லாம் போட்டு, "நாம் எப்போது திருந்தப்போகிறோம்?" என்று முடியும். இந்த முறை அனுப்பியவர் என் சித்தப்பா. அவரிடம் வாதாடத் தைரியம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

இது இஸ்ரேல் அரசைப் பற்றிய பதிவு அல்ல. அந்தச் சண்டையை வேறொரு நாள் போட்டுக்கொள்ளலாம். உலகமே அவர்கள் கையில் என்பது ஐரோப்பாவில் பல லட்சம் பேரைக் கொல்லக் காரணமாக இருந்த பழைய பொய். அதைப் பாராட்டு மாதிரி சொன்னாலும் பொய்தான். ஆனால் செய்தியின் முதல் பாதியில் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. நாடு நாடாகச் சிதறிக் கிடந்த ஒரு சிறு கூட்டம், உலகம் முழுக்க எண்ணினாலும் இன்று ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல், எப்படி ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தது?

நான் நியூ ஜெர்சியில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தபோது பக்கத்து மேசைக்காரர் ஆசாரமான யூதர். சில நாள் மதியத்துக்கு மேல் அவர் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழும்: "ஒன்பது பேர் இருக்கிறோம்." அவ்வளவுதான் இருக்கும். சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்புவார். இரண்டு கட்டடம் தள்ளி ஓர் அலுவலகத்தின் மீட்டிங் அறையில் பிரார்த்தனை. கால் மணி நேரத்தில் திரும்பி வந்து டப்பாவைத் திறப்பார். ஒருநாள் கேட்டேன். "அங்கே ஒருத்தருக்கு அப்பா இறந்துவிட்டார், கதீஷ் சொல்ல வேண்டும், பத்தாவது ஆள் வேண்டும்" என்றார். உங்கள் நண்பரா என்றேன். இல்லை, பெயர்கூடத் தெரியாது என்றார்.

யூதச் சட்டப்படி சில பிரார்த்தனைகளைத் தனியாகச் சொல்லக் கூடாது. வயது வந்த பத்துப் பேர் இருக்க வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். பதின்மூன்று வயது தாண்டிய பையனும் கணக்கில் சேர்வான். ஒன்பது ரபிகள் (யூத மதகுருக்கள்) கூடினாலும் மின்யான் ஆகாது, பத்துச் செருப்புத் தைப்பவர்கள் கூடினால் ஆகும் என்று அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. படிப்பு, பணம் எதுவும் அந்த இடத்தில் செல்லாது. தலைதான் கணக்கு.

தாயோ தந்தையோ இறந்தால் பிள்ளை பதினொரு மாதம் தினமும் கதீஷ் சொல்கிறான். அரமேய மொழியில் உள்ள சின்னப் பிரார்த்தனை அது. சாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது, முழுக்கக் கடவுளின் புகழ்தான். இதையும் பத்துப் பேர் முன்னால்தான் சொல்ல முடியும். அதாவது, கதவைச் சாத்திக்கொண்டு சுருண்டு படுக்கத் தோன்றுகிற காலத்தில், தினமும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஒன்பது பேரைத் தேடிப் போக வேண்டும். அதற்கும் முன்னால் முதல் ஏழு நாள் ஷிவா என்ற துக்க காலம். அப்போது அவன் வெளியே போக வேண்டாம், மின்யானே வீட்டுக்கு வந்துவிடும். அடக்கம் முடிந்து திரும்பியதும் சாப்பிடும் முதல் வேளை உணவு அவன் வீட்டு அடுப்பில் சமைத்ததாக இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் அவித்த முட்டை, பயறு. நம்மூர் இழவு வீட்டில் பங்காளி வீட்டிலிருந்து சோறு வருகிற அதே ஏற்பாடு.

நம்மிடம் "தூக்கிப் போட நாலு பேர்" என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். நமக்கு அந்த நாலு பேர் கடைசியில் ஒரே ஒரு நாள்தான் தேவை. அவர்களுக்குப் பத்துப் பேர் தினமும் தேவை.

யாரும் அங்கே "நெட்வொர்க் செய்ய" வரவில்லை என்பதுதான் என் கட்சி. தனியாக முடிக்க முடியாத ஒரு வேலை இருக்கிறது, நீ போகாவிட்டால் அங்கே ஒருத்தருக்கு வேலை நடக்காது, அதனால் போகிறாய். போய்ப் போய் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் ஆகிறீர்கள். வேலைக்கு ஆள், பெண்ணுக்கு மாப்பிள்ளை, வாடகைக்கு வீடு எல்லாம் அந்தப் பழக்கத்தின் உபரி. சித்தப்பாவின் செய்தி இந்த உபரியை மட்டும் பார்த்துவிட்டுச் சதி என்கிறது.

நடை இன்னொரு சேதி. ஆசார யூதர்கள் சபத் அன்று, அதாவது வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் ஓய்வு நாளில், வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே ஜெப ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில்தான் வீடு பார்க்க முடியும். ஆலயத்தைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றிக் கடைகள். இப்படித்தான் ஒரு பேட்டை உருவாகிறது, யாரும் திட்டம் போட்டு அல்ல. சபத்தில் வெளியே எதையும் தூக்கிச் செல்லவும் கூடாது, கைக்குழந்தையைக்கூட. அதற்காகக் கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்து, அந்த வட்டாரம் முழுவதையும் சட்டக் கணக்கில் ஒரே வீட்டு முற்றம் போல ஆக்கிக்கொள்கிறார்கள். இதற்கு எருவ் என்று பெயர். மன்ஹாட்டனிலும் அப்படிக் கம்பி உண்டு, வாராவாரம் அறுந்திருக்கிறதா என்று ஆள் போய்ப் பார்ப்பார்கள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு குடும்பம் சாயங்காலம் தெருவில் நிற்க முடிகிறது என்றால் அந்தக் கம்பியால்.

1950-இல் அமெரிக்க யூதர்களின் கன்சர்வேடிவ் பிரிவு, ஆசாரத்துக்கும் சீர்திருத்தத்துக்கும் நடுவில் நிற்பது, சபத் அன்று ஜெப ஆலயத்துக்கு வருவதற்காக மட்டும் கார் ஓட்டலாம் என்று அனுமதித்தது. போர் முடிந்து குடும்பங்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், காரணம் நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பிறகு வீடு எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது. ஆலயத்துக்கு வந்தார்கள், கார் நிறுத்தத்தில் கையாட்டினார்கள், போய்விட்டார்கள். அந்த முடிவு தவறு என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான், யாரும் என்னைக் கேட்கவில்லை என்றாலும்.

சரி, பணத்துக்கு வருவோம். சித்தப்பாவுக்குப் பிடித்த பகுதி.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்யப் பேரரசிலிருந்து நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் வந்து இறங்கியவர்கள் பணக்காரர்கள் இல்லை. தையல்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், ஒரு குடித்தனத்தில் மூன்று குடும்பம். அவர்கள் முதலில் செய்தது ஊர்க்காரர் சங்கம் வைத்தது. அவர்கள் பேசிய யித்திஷ் மொழியில் லான்ட்ஸ்மன் என்றால் ஊர்க்காரர், சங்கத்துக்கு லான்ட்ஸ்மன்ஷாஃப்ட். நியூயார்க்கில் இவை ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒரே ஊருக்கு இரண்டு மூன்று சங்கம், ஒன்றோடு ஒன்று பேச்சுவார்த்தை கிடையாது, அதெல்லாம் நம்மைப் போலத்தான். சந்தா கட்டினால் உடம்பு சரியில்லாதபோது வாரப் படி, சங்க மருத்துவர், செத்தால் புதைக்க இடம். குவீன்ஸில் உள்ள மவுண்ட் ஹெப்ரோன் இடுகாட்டில் இன்றும் போலந்து, உக்ரைன் ஊர்ப் பெயர்கள் பொறித்த வாசல்கள் நிற்கின்றன. ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இங்கே பக்கத்துப் பக்கத்துக் குழியில்.

1892-இல் அதே வட்டாரத்தில் ஒரு வட்டியில்லாக் கடன் சங்கம் தொடங்கினார்கள். கையிருப்பு 95 டாலர். தையல் மெஷின் வாங்க, வண்டியில் சரக்குப் போட என்று ஐந்து டாலர், பத்து டாலர் கொடுத்தார்கள். ஏழையிடம் வட்டி வாங்காதே என்று அவர்கள் வேதமான தோராவிலேயே இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் தர்மத்தை எட்டுப் படியாகப் பிரித்து, தானம் கொடுப்பதை விடக் கடனோ வேலையோ கூட்டோ கொடுத்து ஒருவனைச் சொந்தக் காலில் நிறுத்துவதை உச்சியில் வைத்தார். இதெல்லாம் உபதேசம். காரியத்தை நடத்தியது ஜாமீன். சொத்துப் பத்திரம் கேட்கவில்லை, கையெழுத்துப் போட உன்னைத் தெரிந்த ஆள் கேட்டார்கள். அந்தக் கையெழுத்துக்குப் போய் நிற்கும்போதுதான் யார் யாருக்கு வேண்டப்பட்டவர் என்பது தெரியும். அந்தச் சங்கம் இன்றும் நியூயார்க்கில் வட்டி வாங்காமல் கடன் கொடுக்கிறது, ஜாமீன் கேட்டுத்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ஊர்க்காரர் சங்கங்களிடம் ஊர் இல்லை. ஹிட்லர் ஆட்கள் ஊரையே துடைத்துவிட்டிருந்தார்கள். அப்போது சங்கத்துக்காரர்கள் தங்கள் ஊருக்கென்று நினைவுப் புத்தகங்கள் போட ஆரம்பித்தார்கள், யிஸ்கோர் புத்தகங்கள். நியூயார்க், புவெனஸ் அயர்ஸ், டெல் அவிவ் என்று சிதறியிருந்தவர்கள் கடிதம் போட்டுப் போட்டுத் தொகுத்தவை. ஞாபகத்திலிருந்து கையால் வரைந்த தெரு வரைபடம், ரொட்டிக்கடைக்காரர் யார், தண்ணீர் சுமப்பவர் யார், கடைசியில் கொல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இப்படிப் புத்தகம் உண்டு. சந்தா, படி, இடுகாட்டு இடம் என்று சில்லறை விஷயங்களுக்காகச் சேர்ந்த கூட்டம் செய்த வேலை அது. அந்தச் சில்லறைச் சங்கங்கள் முன்பே இல்லாமல் இருந்திருந்தால் யார் யாருக்குக் கடிதம் போட்டிருப்பார்கள்?

இப்போது அமெரிக்காவில் இளம் யூதர்களை "இணைப்பதற்கு" மாநாடு, தலைமைப் பயிற்சி, நிதி நல்கை என்று பெரிய தொழிலே நடக்கிறது. பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த ஒன்று மோய்ஷே ஹவுஸ். 2006-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், ஒரே வீட்டில் தங்கியிருந்த சில இளைஞர்கள் வெள்ளிக்கிழமை இரவு ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அது பிடித்துக்கொண்டது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஏற்பாடு இதுதான்: உன் வாடகையில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம், நீ மாதத்துக்கு இத்தனை தடவை ஆட்களை வீட்டுக்குக் கூப்பிடு. பெயர் அட்டை மாட்டிக்கொண்டு ஹோட்டல் ஹாலில் நிற்பதை விட, யார் வீட்டிலோ பாத்திரம் கழுவிக் கொடுப்பதில் அதிகம் ஒட்டும். என் அனுபவமும் அதுதான்.

இவ்வளவு நேரம் புகழ்ந்தாயிற்று. ஆள் எண்ணுகிற எந்தச் சங்கத்திலும் எண்ணாமல் விடப்பட்டவர் ஒருவர் இருப்பார்.

ஹென்ரியெட்டா ஸோல்ட், 1912-இல் ஹடாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர். 1916-இல் அவர் தாய் இறந்தார். எட்டும் பெண்கள், மகன் கிடையாது. ஆசார வழக்கப்படி கதீஷ் சொல்ல வேண்டியவன் மகன். ஒரு குடும்ப நண்பர், நான் சொல்கிறேன் என்று அன்போடு முன்வந்தார். ஸோல்ட் நன்றி சொல்லி மறுத்துக் கடிதம் எழுதினார். எங்களில் ஒருத்தி பையனாகப் பிறக்கவில்லையே என்று என் பெற்றோர் ஒருநாளும் வருந்தியதில்லை, என் தாய்க்கு நானே சொல்வேன் என்பது அதன் சாரம். கன்சர்வேடிவ் பிரிவு பெண்களை மின்யானில் எண்ண அனுமதித்தது 1973-இல். ஆசாரப் பிரிவில் பெரும்பாலும் இன்னும் எண்ணுவதில்லை.

இன்னொன்று நமக்குப் பக்கத்தில். கொச்சி யூதர்கள் பழையவர்கள். கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதில் வரும் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயர் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் உண்டு. இவ்வளவு காலம் நம்மோடு இருந்தால் நம் வியாதி ஒட்டாமல் இருக்குமா? மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயத்தில் (பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள்), அது 1568-இல் கட்டியது, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு அந்தக் காலத்தில் உட்கார இருக்கை இருந்ததில்லை. பின்னால் ஒதுங்கித் தரையில் உட்கார வேண்டியிருந்தது, தோரா வாசிக்கக் கூப்பிட்டதில்லை.

அந்த வழியில் வந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882-இல் பிறந்தவர், சென்னையில் சட்டம் படித்து வக்கீலானவர். காந்தியைப் பார்த்துச் சத்தியாக்கிரகத்தை எடுத்து, சொந்த ஜெப ஆலயத்திலேயே கையாண்டார். உண்ணாவிரதம் வரை யோசித்தார். "யூத காந்தி" என்று பெயர் வந்தது. தடைகள் சட்டென்று விழவில்லை, பல வருடங்களில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவர் மகன் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணைக் காதலித்தபோது கல்யாணத்தைப் பம்பாயில்தான் நடத்த முடிந்தது. சேலம் 1967-இல் இறந்தார். அதற்குள் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அந்தப் பயணத்துக்காகப் பேச்சுவார்த்தை நடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

சில வருடம் முன்பு மட்டாஞ்சேரி போயிருந்தேன். தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள், ஒன்று போல் இன்னொன்று இல்லை என்றார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு நாங்கள் இருபது முப்பது பேர் அண்ணாந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கே பிரார்த்தனை நடப்பதுண்டா என்று வாசலில் கேட்டேன். உள்ளூரில் பத்துப் பேர் இல்லாமல் போய் வெகு காலம் ஆயிற்றாம். வெளிநாட்டிலிருந்து யூதப் பயணிகள் வந்து எண்ணிக்கை சேர்ந்தால் நடக்குமாம். எங்கிருந்து வந்தவர், யார் வழியில் பிறந்தவர் என்றெல்லாம் கேட்பார்களா என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்தவருக்கு டிக்கெட் கிழித்தார்.