இறங்குதுறைச் சந்தியில் சீமெந்துத் தோணி வேண்டாம்

சென்ற மாதம் எங்கள் ஊரவர்கள் இணையவழியில் கூடிய கூட்டத்தில், இறங்குதுறைக்குப் போகும் சந்தியில் முன்னோரின் கடலோடி வாழ்வை நினைவுகூரும் வகையில் சீமெந்தினால் ஒரு பாய்த்தோணி அமைத்து, அதற்கு வர்ணம் பூசி, சுற்றிவரக் கம்பி வேலியும் போடுவதென ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பேசியவர்கள் அனைவரும் அதை மனமார வரவேற்றார்கள். நான் மட்டும் மறுத்துப் பேசினேன். நேரம் போதாமையால் சொல்ல நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. விடுபட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான்: அந்தப் பணத்தைக் கொண்டு ஊர்காவற்றுறைக் கரையில் வைத்து, நமது ஓடாவி (மரக்கலம் கட்டும் தச்சர்) ஒருவரின் கையால், கடலில் ஓடக்கூடிய ஒரு மரத்தோணியைக் கட்டுவிப்போம். கட்டி முடிந்ததும் அதை ஓட்டுவோம், ஆண்டுதோறும் கரையேற்றிப் பழுதுபார்ப்போம்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வாழும் தீவகத்தவர்களுக்குத் தோணி என்பது அலங்காரப் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள, 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டைப் பார்த்தால் இது விளங்கும். பிறநாட்டவர்கள் ஊராத்துறைக்கு வந்து சேர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று கூறும் அக்கல்வெட்டு, யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் (அரச கருவூலம்) எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உடையவனிடம் விட வேண்டும் என்றும், வணிகச் சரக்கு ஏற்றி வந்த மரக்கலமாயின் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் என்றும் விதிக்கிறது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. கரைதட்டி உடைந்த கலத்தின் சரக்கை எப்படிப் பங்கிடுவது என்பதைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டிய அளவுக்கு இந்தத் துறையில் மரக்கலங்களின் போக்குவரத்து இருந்திருக்கிறது. இன்று அந்தக் கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்களும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறித்தான் போக வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்குக்கும் இன்றுவரை தரைவழிப் பாதை இல்லை.

கூட்டத்தில் ஒருவர் வல்வெட்டித்துறையின் 'அன்னபூரணி'யைக் குறிப்பிட்டார். வல்வெட்டித்துறை தீவன்று, குடாநாட்டின் வடகரை. ஆயினும் கப்பல் கட்டும் கலையில் அவர்களும் நாமும் ஒரே மரபினர் என்பதால் அவர் அதைக் குறிப்பிட்டது சரியே. 1930இல் அங்கே வேப்ப மரங்கொண்டு கட்டப்பட்ட, 89 அடி நீளமான அந்த இருபாய்மரக் கப்பலை வில்லியம் அல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 1937இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்ட அது சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து 1938 ஆகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதில் மாலுமிகளாகச் சென்றவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகள். இந்தக் கதையை நாம் ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறோம். சொல்லி மகிழ்வதில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அந்தக் கப்பலின் வளைவுகளைக் கணக்கிட்டு, வேம்பைப் பிளந்து பலகையாக்கி, பொருத்துகளை நீர் புகாதபடி அடைத்தவர்களின் தொழிலைக் கற்றவர்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்த மேடைகளில் எவரும் கேட்டதை நான் அறியேன்.

அந்தத் தொழிலைப் பிள்ளைப் பருவத்தில் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். என் பேரனாரிடம் (தாத்தாவிடம்) 22 அடியில் ஒரு வள்ளம் இருந்தது. ஆண்டுதோறும் சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்குமுன் அதைக் கரையேற்றி, தென்னங்குற்றிகளின் மேல் சரித்து வைத்து, காய்ந்த பனையோலையைக் கொளுத்தி அடிப்பலகை முழுவதற்கும் சூடு காட்டுவார்கள். கடற்புழு அரிக்காமல் இருப்பதற்காக அது. பின்னர் ஓடாவியார் வருவார். இரண்டு பலகைகள் சேரும் பொருத்திலிருந்து பழைய பஞ்சைக் கொக்கியால் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய பஞ்சைத் தொடையில் வைத்துத் திரியாக உருட்டி, தட்டை உளியால் பொருத்துக்குள் நுழைத்து, கொட்டாப்புளியால் சிறிது சிறிதாக அடித்து இறக்குவார். இதற்குக் கலப்பற்று என்று பெயர். பஞ்சு தளர்வாக இருக்கும்வரை அடியின் ஓசை மந்தமாகக் கேட்கும். இறுக இறுக அது மாறிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பலகை முழுவதும் சேர்ந்து ஒலிப்பதுபோல் தெளிவாகக் கேட்கும். "தம்பி, காதை வைச்சுக் கேள். இனிப் போதுமெண்டு மரமே சொல்லும்" என்று அவர் என் தலையைப் பிடித்து வள்ளத்தின் மறுபக்கத்தில் சாய்த்து வைத்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்த ஓசைக்கு மேல் ஓர் அடி கூடினாலும் பலகை விலகிவிடும், ஓர் அடி குறைந்தாலும் நடுக்கடலில் தண்ணீர் ஏறும். அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி, உள்ளும் புறமும் சுறா எண்ணெய் தேய்ப்பார்கள். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் உடுப்புகள்கூட அந்த எண்ணெயின் மணத்தோடுதான் இருக்கும்.

கடலில் இறக்கிய முதல் நாள் வள்ளம் எப்படியும் கசியும். பேரனார் கலங்கமாட்டார். பட்டையால் தண்ணீரை இறைத்தபடி, மரம் நீர் குடித்து ஊதட்டும் என்று பொறுத்திருப்பார். மறுநாள் பொருத்துகள் தாமாகவே இறுகியிருக்கும்.

எந்தத் தாளிலும் எழுதப்படாத அறிவு இது. ஏராவுக்கு (அடிமரத்துக்கு) எந்த மரம், பலகைக்கு எந்த மரம் என்பதை மட்டுமல்ல, எந்த மரத்தின் எந்தக் கொம்பு என்பதையும் ஓடாவிகள் அறிந்திருந்தார்கள். வங்குக்கு, அதாவது பலகைகளைத் தாங்கும் வளைந்த உட்சட்டத்துக்கு, நேர் மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் நார் அறுந்து அந்த இடத்தில் முறியும். ஆகவே இயற்கையாகவே வளைந்து வளர்ந்த வேம்பையும் பூவரசையும் தேடி வளவு வளவாக நடப்பார்கள். வேலியோரம் நிற்கும் ஒரு பூவரசைப் பார்த்து, இன்னும் நான்கு வருடத்தில் இது வங்குக்கு உதவும், அதுவரை கொம்பை வெட்டாதீர்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். ஆழம் குறைந்த பரவைக்கடலில் கோல் ஊன்றித் தாங்கிச் செல்லும் வள்ளத்துக்கு அடி தட்டையாக இருக்க வேண்டும். தீவுகளுக்கிடையில் ஆட்களை ஏற்றிப் பாய் விரித்து ஓடும் மச்சுவாய்க்கு வேறு வயிறு, சரக்கேற்றி இந்தியக் கரைக்குப் போகும் பாய்க்கப்பலுக்கு வேறு வயிறு. இந்த வேறுபாடுகள் அனைத்தும் ஒரு மனிதரின் கண்ணிலும் முழக்கோலிலுமே இருந்தன. சீமெந்துத் தோணியில் இவற்றில் ஒன்றுகூட இருக்கப்போவதில்லை. அதை வார்ப்பவருக்கு இவற்றில் எதையும் அறிய வேண்டிய தேவையும் இல்லை.

பைபர் வள்ளத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அது பாரம் குறைந்தது, ஆண்டுக்கு ஆண்டு கலப்பற்று வேண்டியதில்லை, இயந்திரம் பூட்டினால் விரைந்து போய்வரலாம். விடியுமுன் கடலுக்குப் போகிறவரிடம் பாரம்பரியத்துக்காக மரவள்ளம் வைத்திரு என்று சொல்லக் கரையில் இருப்பவனுக்கு உரிமையில்லை. கப்பலோட்டிகளின் ஊரான காரைநகரிலேயே, 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் உதவியுடன் தொடங்கிய சீநோர் நிறுவனம் பைபர் படகுகளைக் கட்டியது. அந்தத் தொழிலும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. மரவள்ளம் மறைந்ததற்குப் பைபரை மட்டும் காரணமாகச் சொல்வது நேர்மையாகாது. போரினால் கடல் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவு மக்களை ஏற்றிச் சென்ற குமுதினிப் படகில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட பின்னர், கடலில் கால் வைப்பதே பலருக்கு அச்சமாயிற்று. 1990இல் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வள்ளங்களைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள். மரவள்ளத்தைக் கவனிக்க ஆளில்லாவிட்டால் இரண்டு மூன்று கோடையில் பலகை வெடித்துவிடும். நாங்கள் திரும்பிப் போனபோது பேரனாரின் வள்ளம் இல்லை. அதன் பாய்மரம் மட்டும் அயல்வளவுக் கிணற்றில் துலாவாக நின்றது. அடியில் பாயைத் தாங்கும் பருமலின் கயிறு உராய்ந்த தேய்வைத் தடவிப் பார்த்துத்தான் அம்மா அதை அடையாளம் கண்டார். நாங்கள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

போர் முடிந்த பின்னராவது மரவள்ளத்துக்கு இடம் கிடைத்திருக்கலாம். என் ஒன்றுவிட்ட தம்பி பரவைக்கடலில் இறால் பிடிப்பதற்காக ஒரு சிறு மரவள்ளம் கட்ட விரும்பி வங்கி ஒன்றில் கடன் கேட்டார். பைபர் வள்ளத்துக்கென்றால் நிறுவனத்தின் விலைப்பட்டியலைக் கொண்டுவாருங்கள், தருகிறோம் என்றார்கள். ஓடாவியிடம் விலைப்பட்டியல் கிடையாது, பதிவு இலக்கமும் கிடையாது. மரம் ஏற்றி வருவதற்கான அனுமதிக்காக வேறோர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனார், மூன்று முறையும் வேறு வேறு பத்திரம் கேட்டார்கள். நான்காவது முறை அவர் போகவில்லை. இன்று அவரிடம் இருப்பது பைபர் வள்ளம். அவருக்குக் கட்டித்தர இருந்த ஓடாவியார் இப்போது கதவு நிலைகளுக்கும் கட்டில்களுக்கும் மரம் இழைக்கிறார்.

வேறு கடல்களில் இது எப்படி நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தோனேசியாவின் தென் சுலாவெசியில் உள்ள தானா பேரு கடற்கரையில் பினிசி மரபுக் கப்பல்களை இன்றும் மணலிலேயே வைத்துக் கட்டுகிறார்கள். வரைபடம் இல்லாமல், பலகையை முதலில் சேர்த்து வங்கைப் பின்னர் பொருத்தும் பழைய முறை அது. யுனெஸ்கோ அந்தக் கலையை 2017இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2021இல் நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஒன்றாக விண்ணப்பித்து, பலகைமேல் பலகை படியவைத்துக் கட்டும் தங்கள் படகுக் கலையையும் சேர்ப்பித்தன. ஆனால் தானா பேருவில் உளிச் சத்தம் ஓயாமல் இருப்பதற்குப் பட்டியலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்காக அங்கே தொடர்ந்து ஆள் வந்து வேலை கொடுக்கிறார்கள். வேலை வருவதால் இளைஞர்கள் உளி பிடிக்கிறார்கள்.

நம்மிடமும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது, அதை நாம் கவனிப்பதில்லை. நமது கோயில்களுக்குத் தேர் செய்வதற்கு வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் எவ்வளவு மனமுவந்து கொடுக்கிறார்கள் என்பதை அனைவரும் அறிவோம். அப்படிக் கொடுத்ததனால்தான் தேர்ச் சிற்பிகளின் கை இன்றும் ஓயாமல் இருக்கிறது, அவர்களுடைய பட்டறைகளில் இளம் பிள்ளைகள் தொழில் பழகுகிறார்கள். சந்தியில் சீமெந்துத் தேர் ஒன்றை வைத்துவிட்டு, தேர்க்கலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. தேர் ஓட வேண்டும், அச்சு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது நமக்கு இயல்பாகவே தெரிகிறது. தோணிக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு? தீவுக்குத் தீவு ஒரு கோயிலோ தேவாலயமோ ஒரு தோணியைத் தன்னுடையதாக வைத்திருக்குமானால், திருவிழாக் காலத்தில் அது அடியார்களை ஏற்றும், மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் பாய் விரிக்கவும் கோல் தாங்கவும் பழகுவார்கள், ஆண்டுக்கொரு முறை கலப்பற்றுக்காகக் கரையேறும்போது ஓடாவிக்கு உறுதியான வேலை கிடைக்கும்.

ஆகவே ஊரவர்களிடம் நான் எழுத்தில் கொடுத்திருக்கும் கோரிக்கை வருமாறு. சந்திச் சிலைக்கு ஒதுக்க எண்ணிய தொகையை முதல் தவணையாக வைத்து, 22 அடிக்கு மேற்படாத ஒரு பாய்வள்ளத்தைக் கட்டக் கொடுக்க வேண்டும். என் தம்பிக்கு வள்ளம் கட்டித்தர இருந்த அந்த ஓடாவியாரே அதைக் கட்ட இசைந்திருக்கிறார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பாரம் தூக்க முடியாது, ஆனால் கண்ணும் கையும் குறைவில்லாமல் இருக்கின்றன. அவரோடு இரண்டு இளைஞர்களை வேலை முடியும்வரை நாட்சம்பளத்துக்கு வைக்க வேண்டும். சம்பளமில்லாமல் பழக வாருங்கள் என்று அழைத்தால் எவரும் வரமாட்டார்கள், வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஏரா வைக்கும் நாளிலிருந்து கடலில் இறக்கும் நாள்வரை ஒவ்வொரு அளவையும் எழுதி, ஒவ்வொரு வேலையையும் ஒளிப்பதிவு செய்து வைக்க வேண்டும். வள்ளம் கட்டி முடிந்த பின்னரும் பத்து ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவை இப்போதே தனியாக ஒதுக்கிவிட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை எவரும் குறைத்துப் பேச நான் விடமாட்டேன், ஏனென்றால் திறப்புவிழாவுக்குப் பின் கரையில் கிடந்து வெடிக்கும் வள்ளத்தைப் பார்ப்பதற்காக எவரிடமும் பணம் கேட்க எனக்கு மனமில்லை.

ஓடாவியார் சென்ற கிழமை எங்கள் பகுதியில் நடந்து மரம் பார்த்திருக்கிறார். பலகைக்கு வேண்டியது கிடைத்துவிடும் என்கிறார். அணியத்துக்கு (வள்ளத்தின் முன்புறத்துக்கு) ஏற்ற வளைவுள்ள மரம் அவர் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். அது தேவாலயத்துக்கு வடக்கே, கூரை விழுந்த கல்வீடு இருக்கும் வளவில், கிணற்றோரம் கிழக்கே சாய்ந்து வளர்ந்திருக்கும் பெரிய வேம்பு. அந்த வளவுக்காரர் கனடாவில் இருக்கிறார் என்றும், வளவைத் துப்புரவாக்கி விற்கப் போகிறார் என்றும் கேள்விப்பட்டோம். அவரோ அவருடைய பிள்ளைகளோ இதை வாசிக்க நேர்ந்தால், மரத்தை விறகுக்குக் கொடுத்துவிடாமல் எனக்கு உள்பெட்டியில் ஒரு செய்தி அனுப்புங்கள். உரிய விலையைக் கொடுத்து நாங்களே வெட்டி எடுத்துக்கொள்கிறோம்.