கையெழுத்து கேட்டதுதான் குற்றமா?

நேற்றிலிருந்து அந்தப் பதிவைப் பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். செப்டிக் ஷாக்கில், அதாவது தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் இருப்பவரை மருந்து ஆய்வில் சேர்க்க, ஐசியூ டாக்டர் குடும்பத்தினரிடம் சம்மதக் கையெழுத்து கேட்டாராம். உடனே "சோதனை எலி" என்று பதிவு போட்டாயிற்று. அந்த டாக்டர் கேட்டுவிட்டுச் செய்தார். அதுதான் எனக்கு முக்கியம்.

2018இல் என் அப்பா இதே நிலைமையில் இருந்தார். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது. பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடியும் பிபி ஏறவில்லை. ராத்திரி ஒரு சீட்டு வந்தது: வைட்டமின் சி ஊசி, வேளைக்கு மூன்று ஆம்பூல், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம். நான்தான் மருந்துக்கடைக்கு ஓடினேன். யாரும் கையெழுத்து கேட்கவில்லை.

அந்தச் சீட்டுக்குப் பின்னால் இருந்தது, 2017இல் அமெரிக்காவில் பால் மாரிக் என்ற ஐசியூ டாக்டர் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு. வைட்டமின் சி, ஸ்டீராய்டு, தயமின் சேர்த்துக் கொடுத்த 47 பேரை, அதற்கு முன் வந்த 47 பேரோடு ஒப்பிட்டார். இறப்பு 40 சதவீதத்திலிருந்து 8.5க்கு இறங்கியது என்றார். உலகெங்கும் பலர் நம்பினார்கள். 2022இல்தான் லோவிட் ஆய்வு வந்தது. 872 பேர், யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள், வைட்டமின் சி மட்டும். அதைப் பெற்றவர்களில் 44.5 சதவீதம் பேர் 28ஆம் நாளுக்குள் இறந்திருந்தார்கள், அல்லது உறுப்புகள் மீளாமல் கிடந்தார்கள். பெறாதவர்களில் 38.5.

பலன் உறுதியாகாத மருந்தை ஆய்வில் சேர்க்காமல் கொடுத்தாலும் அது சோதனைதான். யாரும் எழுதி வைக்காத சோதனை.

"மயக்கத்தில் கிடப்பவரிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது?" என்பீர்கள். குடும்பத்தினரிடம் வாங்குகிறார்கள், நெறிமுறைக் குழு பார்க்கிறது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். "பாதிப் பேருக்கு மருந்துக்குப் பதில் வெறும் உப்புத் தண்ணியா?" ஆன்டிபயாடிக்கும் நார்அட்ரினலினும் இரண்டு பக்கமும் உண்டு. ஏழைகளை ஏமாற்றிச் சேர்த்த கதைகள் இருக்கின்றன, சரி, அதற்கு எனக்கும் கோபம் வரும். அதற்காக ஆய்வே கூடாதா? இதே மாதிரி கடும் தொற்றுக்கான சைக்ரிஸ் என்ற மருந்து 2001இல் அனுமதி பெற்றது. மறுபடி சோதித்ததில் பலன் தெரியவில்லை, 2011இல் திரும்பப் பெற்றார்கள். சோதிக்காமல் விட்டிருந்தால் இன்றும் அதை வாங்க யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அப்பாவுக்கு அந்தச் சீட்டு எழுதிய டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. நல்லெண்ணத்தில்தான் எழுதினார். ஆனால் அப்பாவை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அவர் உடம்பு பட்ட பாட்டிலிருந்து அடுத்த நோயாளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் போய்விட்டார். "கடைசியா ஒரு ஊசி வாங்கிட்டு வந்தியே, அது கொஞ்சமாச்சும் கேட்டுச்சாப்பா?" என்று அம்மா இப்போதும் கேட்பாள். லோவிட் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. அந்த மருந்துக்கடை பில் இன்னும் அப்பாவின் ஃபைலில்தான் இருக்கிறது.